தாப்பா

தாப்பா. அமிர்தம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். வாயைத் திறக்காமல் சொன்னால் எண்ணெய் தடவினாற்போல வந்துவிடுகிறது, தாப்பா, தாப்பா, எத்தனை தடவை வேண்டுமானாலும் வருகிறது. வாயைத் திறந்தால்தான் நாக்கு மேல்பல்லில் போய் ஒட்டிக்கொண்டு இறங்கமாட்டேன் என்கிறது. அடுக்களைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வருஷத்துக்கு ஒருதடவை வருகிற ஆபீஸ்காரர்கள் இன்றைக்கு வீட்டைப் பார்க்க வருகிறார்கள், அதனால் வெங்காய சாம்பார். மற்ற நாளில் கத்தரிக்காய். கத்தரிக்காய் சாம்பாரும் நன்றாகத்தான் இருக்கும், அதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் இல்லை, சாப்பாட்டைப் பற்றி அவள் சொல்ல வரவில்லை. அவள் சொல்ல வந்தது ஒரே வார்த்தை. அடுப்பருகே நின்ற லூர்தக்கா திரும்பி, "என்ன புள்ள முணுமுணுக்கிற?" என்றாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். லூர்தக்காவிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. "தா..." என்று ஆரம்பிப்பாள், நாக்கு ஒட்டிக்கொள்ளும், "தா... தா..." என்பதற்குள் லூர்தக்கா டம்ளரை எடுத்துத் தண்ணீர் மொண்டு கையில் கொடுத்துவிடுவாள். "தண்ணிதான கேக்குற, அதுக்கு ஏன் இந்தப் பாடு." கையில் கொடுத்துவிட்டால் குடிக்கத்தான் வேண்டும். குடித்து முடிக்கும்போது வார்த்தை தொண்டைக்குள் போய்விட்டிருக்கும், தண்ணீரோடு தண்ணீராக. அப்படி எத்தனை டம்ளர் குடித்திருப்பாள், வயிறு நிறையத் தாப்பா. இதை நினைத்ததும் அவளுக்கே சிரிப்பு வந்தது, ஆனால் இன்றைக்குச் சிரிக்கக் கூடாது, சிரித்தால் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

திருச்சிக்கு வெளியே புதிதாக மனை பிரித்த நகர் ஒன்றில் இருந்தது அந்த வீடு. எதையும் கற்றுக்கொள்ள மற்றவர்களைவிட அதிக நாள் பிடிக்கிற பெண்கள் ஐந்து பேர் அதில் குடியிருந்தார்கள். கூட இருந்து பார்த்துக்கொள்ள லூர்தக்கா. ஞாயிறு தவிர தினமும் காலையில் வந்து மேற்பார்த்துப் போக நளாயினி மேடம். அமிர்தத்துக்கு வயது நாற்பதை ஒட்டி இருக்கும். மேடம் நேற்றே எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார். "எப்படி இருக்கீங்கன்னு கேப்பாங்க. நல்லாருக்கோம்னு சொல்லணும். சத்தமா. எங்க, சொல்லுங்க?" எல்லாரும் சொன்னார்கள். அமிர்தமும் சொன்னாள். நல்லாருக்கோம் என்பது சுலபமான வார்த்தை, நாக்கு எங்கேயும் ஒட்டாது. அது பொய்யும் இல்லை. நல்லாத்தான் இருக்கிறோம். ஆனால் நல்லாருக்கோம் என்று சொல்லிவிட்டால் அவர்கள் சரி என்று எழுந்து போய்விடுவார்கள், அப்புறம் தாப்பாவை யாரிடம் சொல்வது? ஒரு நிஜம் எப்படி இன்னொரு நிஜத்தின் வாயைப் பொத்துகிறது? நேற்று ராத்திரி படுத்ததிலிருந்து இந்த இடத்தில்தான் அவள் நினைப்பு சுற்றிச் சுற்றி வந்தது. ஆட்டுரலில் மாவு சுற்றுகிற மாதிரி, ஒதுக்கிவிட்டாலும் திரும்ப நடுவுக்கே வந்தது. நல்லாருக்கோம். ஆனா. இந்த 'ஆனா'வை மேடம் சொல்லிக்கொடுக்கவில்லை. அதை இவளாகத்தான் சேர்க்க வேண்டும். நல்லாருக்கோம், ஆனா பாத்ரூம் கதவுக்குத் தாப்பா வேணும். வெங்காயம் கண்ணில் எரிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள், இன்னும் எரிந்தது. எரியட்டும். கண் சிவந்திருந்தால் அழுதாளா என்று யாராவது கேட்கவாவது செய்வார்கள்.

முன்பு அந்தக் கதவில் தாப்பா இருந்தது. கறுப்புத் தாப்பா, மேலே தூக்கித் தள்ள வேண்டும். பின்கட்டில் ஒரே பாத்ரூம், கக்கூஸும் அதற்குள்ளேயே. ஒருநாள் ஐந்து பேரில் ஒருத்தியான ரெஜினா உள்ளே போய்த் தாப்பா போட்டுக்கொண்டு குளிக்கும்போது வலிப்பு வந்து விழுந்தாள். அந்தச் சத்தம் அமிர்தத்துக்கு இன்னும் காதில் இருக்கிறது, முதலில் செம்பு விழுந்த சத்தம், அப்புறம் ரெஜினா விழுந்த சத்தம், இரண்டும் வேறு வேறு. லூர்தக்கா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து தோளால் இடித்துக் கதவைத் திறந்தார். ரெஜினாவின் நெற்றியில் ரத்தம். தையல் போட்ட இடம் இப்போது பூரான் மாதிரி புருவத்துக்கு மேலே ஓடுகிறது. பிய்ந்து தொங்கிய தாப்பாவை மறுநாள் மேடம் ஆளை வைத்துக் கழற்றிவிட்டார். "இனிமே இந்த வீட்ல தாப்பாவே வேண்டாம், ஒரு உயிர் போயிருக்கும்." சரிதான். உயிர் பெரிசு. ரெஜினா செத்துப்போயிருந்தால் அமிர்தத்துக்குப் பக்கத்துப் பாயில் படுக்க யார் இருக்கிறார்கள், தூக்கத்தில் காலைத் தூக்கி இவள் மேல் போட யார் இருக்கிறார்கள்? அதனால் அன்றைக்கு அமிர்தம் ஒன்றும் சொல்லவில்லை. கதவில் திருகாணி இருந்த ஓட்டைகள் மட்டும் மிஞ்சின. குளிக்கும்போது கதவுக்கு ஒரு வாளித் தண்ணீரை முட்டுக் கொடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு காலை நீட்டி வாளியின் மேல் வைத்துக்கொண்டு மற்றொரு காலில் நின்று குளித்தாள். லூர்தக்காவுக்கு இந்தத் தொல்லை இல்லை, எல்லாரும் எழுவதற்கு முன்னால் அவள் குளித்துவிடுவாள்.

அப்புறம் மோட்டார் ரிப்பேர்க்காரர் வந்தார். இந்த இடத்துக்கு வந்தால் அமிர்தத்தின் நினைப்பு நின்று, பின்வாங்கி, வேறு வழியாகப் போகப் பார்க்கும். வெங்காயத்தோலைப் பார்த்தாள். எவ்வளவு மெல்லிசு, ரோஜாநிறம், வெளிச்சத்தில் பிடித்தால் நரம்பு தெரிகிறது. ஆனால் வேறு வழி கிடையாது. பின்கட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதா பார்க்க என்று அவர் கதவைத் தள்ளினார். வாளி நகர்ந்தது. கதவு திறந்தது. அவர் கெட்டவர் இல்லை என்று லூர்தக்கா சொன்னாள், தெரியாமல் திறந்துவிட்டார் என்று சொன்னாள். தெரியாமல்தான் திறந்தார். ஆனால் திறந்த கதவை உடனே மூடவில்லை. திறந்தது தெரியாமல், மூடாதது தெரிந்து. இவள் தலையில் சோப்பு நுரை, கண்ணைத் திறக்க முடியவில்லை, ஆனாலும் திறந்து பார்த்தாள், எரிய எரியப் பார்த்தாள், அவர் நின்றுகொண்டிருந்தார். அப்புறம்தான் மூடினார். இவள் ஈர நைட்டியைச் சுற்றிக்கொண்டு சோப்போடு அடுக்களைக்கு ஓடி வந்தாள், "தா... தா..." என்றாள், லூர்தக்கா தண்ணீர் கொடுத்தாள். விஷயம் புரிந்ததும் லூர்தக்கா போய் அந்த ஆளைச் சத்தம் போட்டு விரட்டிவிட்டுத்தான் வந்தாள், அதை மறக்கக் கூடாது. ஆனால் வந்து சொன்னாள்: "சரி சரி, விடு. உன்ன யாரு பாக்கப் போறா? போய் குளிச்சு முடி." ஆறுதலாகத்தான் சொன்னாள். தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். உன்ன யாரு பாக்கப் போறா. மீன் முள் மாதிரி அது தொண்டையில் குறுக்கே நின்றுகொண்டது. பார்த்தாரே. ஒருவர் பார்த்தாரே, லூர்தக்கா. பார்த்ததால்தானே ஓடி வந்தேன். பார்க்க என்னிடம் ஒன்றும் இல்லை என்கிறாயா, இல்லை பார்த்தாலும் அது பார்த்ததாகக் கணக்கில்லை என்கிறாயா? இரண்டில் எது என்று இத்தனை நாளும் அவளுக்குப் பிடிபடவில்லை. அன்றிலிருந்து நைட்டியோடுதான் குளிக்கிறாள். சோப்பை நைட்டிக்கு உள்ளே கையை விட்டுத் தேய்த்துக்கொள்கிறாள். முதுகில் துணி ஒட்டிக்கொண்டு தண்ணீர் முதுகைத் தொடாமலே வழிந்து போகிறது. தொடையிடுக்கில் சொறி வந்து களிம்பு தடவுகிறார்கள். சொறி ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை, எந்தக் களிம்பு என்றுதான் கேட்டார்கள்.

அம்மா இருந்தவரைக்கும் லால்குடி வீட்டில் பாத்ரூமுக்குத் தகரக் கதவு. "பொம்பளப் புள்ள, கதவ சாத்திக்கிட்டு தாப்பா போட்டுக்கணும்" என்று அம்மாதான் கற்றுக்கொடுத்தாள். தாப்பா போடுவது லேசான காரியமா? முதலில் காம்பைத் தூக்க வேண்டும், தூக்கியபடியே தள்ள வேண்டும், தள்ளிய பிறகு விட வேண்டும். தூக்கினால் தள்ள மறந்துபோகும், தள்ளினால் தூக்க மறந்துபோகும். விரல் நசுங்கி நகம் கறுத்துப் போகும். அம்மா வெளியே நின்றுகொண்டு, "தூக்கு. தூக்கினியா? இப்பத் தள்ளு" என்பாள். ஒரு கோடை முழுக்க அப்படியே போயிற்று. ஒருநாள் தள்ளியதும் அது டக்கென்று குழிக்குள் போய் உட்கார்ந்தது. வெளியிலிருந்து அம்மா கதவைத் தள்ளிப் பார்த்தாள், திறக்கவில்லை. அம்மாவாலேயே திறக்க முடியவில்லை! அன்றைக்கு அமிர்தம் உள்ளே நின்று எவ்வளவு நேரம் சிரித்தாள். அம்மாவும் வெளியே சிரித்தாள். நடுவில் தகரக் கதவு. அவள் வாழ்க்கையில் கற்றுக்கொண்டவற்றில் பெரிசு அதுதான், சட்டைப் பித்தானைவிடப் பெரிசு, தலை வாருவதைவிடப் பெரிசு. அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா போன பிறகு தயாளன் அண்ணன் கொஞ்ச நாள் வைத்திருந்தான். அண்ணி மேகலா சோறு போட்டாள், கையை மட்டும்தான் பார்ப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். அப்புறம் யாருமற்றவர்களைக் கொண்டுவந்து விடுகிற அந்தப் பெரிய இடம். அதைப் பற்றி நினைக்க வேண்டாம் என்று லூர்தக்கா சொல்லியிருக்கிறாள், ஆனால் நினைப்புக்குத் தாப்பா ஏது? நீளமான கூடம், வரிசையாகப் பாய், எல்லாருக்கும் மொட்டை, பேன் வருமாம். முற்றத்தில் வரிசையாக நிற்க வைத்து ரப்பர் குழாயால் அடிப்பார்கள். தண்ணீரை. ஆனால் அடிப்பது மாதிரிதான் இருக்கும். அங்கே யாருடைய துணியும் யாருக்கும் சொந்தமில்லை, முன்னால் கிடைத்ததைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பல் துலக்குகிற பிரஷ்ஷில் பாதிப் பேர். அங்கிருந்து அவளை இந்த வீட்டுக்குக் கூட்டிவந்தது நளாயினி மேடம்தான். வந்த அன்றைக்கு ஒரு தட்டைக் கொடுத்து, "இது உன் தட்டு" என்றார். அதன் விளிம்பில் அ என்று வெட்டியிருந்தது. அமிர்தம் அன்றைக்கு அந்தத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

அதனால்தான் பயம். இவ்வளவு செய்தவரைப் பற்றி வருகிறவர்களிடம் குறை சொன்னால், நன்றி கெட்டவளை வைத்துக்கொள்ள முடியாது என்று திரும்ப அந்தக் கூடத்துக்கு அனுப்பிவிட்டால்? தட்டைக் கொடுத்து அனுப்புவார்களா, வாங்கிக்கொண்டு அனுப்புவார்களா? முடி இப்போது தோளுக்குக் கீழே வளர்ந்திருக்கிறது. லூர்தக்கா சனிக்கிழமை எண்ணெய் வைத்துப் பின்னிவிடுகிறாள். அங்கே போனால் முதலில் முடியைத்தான் எடுப்பார்கள். லூர்தக்காவின் வேலை போய்விட்டால்? காய்ச்சலில் கிடந்தபோது இரவெல்லாம் நெற்றியில் துணி போட்டவள். இந்தப் பக்கம் லூர்தக்கா, அந்தப் பக்கம் தாப்பா. இந்தப் பக்கம் ரெஜினாவின் நெற்றி, அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த அந்த ஆள். தராசு மாதிரி மனசு இப்படியும் அப்படியும் ஆடியது. முறத்தில் வெங்காயம் தீர்ந்துபோனது தெரியாமல் அவள் விரல் வெறும் முறத்தைத் தடவிக்கொண்டிருந்தது. ஆனால் நாளைக்கும் குளிக்க வேண்டும். நாளை மறுநாளும். குளிக்காமல் இருக்க முடியாது. குளிக்கிற ஒவ்வொரு நாளும் கதவைப் பார்த்துக்கொண்டே குளிக்க வேண்டும். செத்துப்போகிற வரைக்கும் கதவைப் பார்த்துக்கொண்டே. கேட்கத்தான் வேண்டும். அனுப்பினால் அனுப்பட்டும் என்று அவளால் நினைக்க முடியவில்லை, அந்த அளவு தைரியம் இல்லை. அனுப்பமாட்டார்கள், கேட்டுவிடுவேன், அனுப்பமாட்டார்கள், கேட்டுவிடுவேன் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டாள். ரெஜினாவுக்கும் ஒரு வழி யோசித்து வைத்திருந்தாள். உள்ளே இருக்கிறவர்களை வெளியிலிருந்து கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால்தான் உள்ளே வர வேண்டும். இதை யோசிக்க அவளுக்குப் பல நாள் பிடித்தது. யோசித்து முடித்த அன்றைக்குத் தாப்பா டக்கென்று குழியில் உட்கார்ந்த மாதிரியே இருந்தது.

வெளியே கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "வந்துட்டாங்க, எல்லாரும் கூடத்துக்கு வாங்க, அமிர்தம், கைய கழுவு" என்றாள் லூர்தக்கா. வந்தவர்கள் இரண்டு பேர். கிளிப்பச்சைப் புடவை கட்டி, கண்ணாடி போட்ட ஒரு அம்மா. கையில் கேமராவோடு, தலை நரைத்த ஒரு ஆள். நளாயினி மேடம் நாற்காலி போட்டார். ஐந்து பெண்களும் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். கண்ணாடிக்கார அம்மா சிரித்துக்கொண்டே ஒவ்வொருவரிடமும் பேர் கேட்டார், ஆனால் அவர்கள் வாயைத் திறப்பதற்குள் மேடம் சொல்லிவிட்டார். "இது ரெஜினா, கோலம் நல்லா போடுவா. இது அமிர்தம், சமையல்ல ஒத்தாசை." சாப்பாடு எப்படி என்று கேட்டார். தூக்கம் எப்படி என்று கேட்டார். "எல்லாரும் எப்படி இருக்கீங்க?" என்று கடைசியில் கேட்டார். "நல்லாருக்கோம்" என்று எல்லாரும் சொன்னார்கள். அமிர்தத்தின் வாயும் அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டதே! அந்த அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். ஆனா. ஆனாவைச் சொல்லு. "ஆனா" என்றாள் அமிர்தம். சத்தமாகவே வந்துவிட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா திரும்ப உட்கார்ந்து, "சொல்லும்மா" என்றார். பாத்ரூம் கதவுக்கு என்று முதலில் சொல்ல வேண்டும், அதைத்தான் ஒத்திகை பார்த்திருந்தாள், ஆனால் பாத்ரூமும் கதவும் பயத்தில் எங்கேயோ ஓடிப்போய்விட்டன, தாப்பா மட்டும் தனியாக வாசலில் வந்து நின்றது. "தா..." என்றாள். நாக்கு மேல்பல்லில் ஒட்டியது. "தா... தா..." நெற்றியில் வேர்த்தது. "தண்ணி கேக்குறா" என்றார் மேடம். லூர்தக்கா ஓடிப்போய் டம்ளரோடு வந்தாள். இல்லை என்று தலையை ஆட்டத்தான் நினைத்தாள். டம்ளர் கையில் வந்துவிட்டது, எல்லாரும் பார்க்கிறார்கள், கண்ணாடிக்குள்ளிருந்து அந்த அம்மா இரக்கத்தோடு பார்க்கிறார், கை தானாகத் தூக்கியது, வாய் தானாகக் குடித்தது. மடக் மடக்கென்று கடைசிச் சொட்டு வரை. போயிற்று. வெறும் டம்ளரின் அடியில் தன் மூக்கு கோணலாகத் தெரிந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவுதான், இனி அடுத்த வருஷம் என்று ஒரு மனசு சொன்னது. இன்னும் கார் கிளம்பவில்லையே என்று இன்னொரு மனசு சொன்னது.

அந்த அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அலமாரி, பாய், அடுக்களை. அமிர்தம் பின்னாலேயே நடந்தாள். "நீ உக்காரு புள்ள" என்று லூர்தக்கா சொன்னாள், உட்காரவில்லை. மேடத்துக்கு ஏதோ போன் வந்து வாசல் பக்கம் போனார். லூர்தக்கா காபி கலக்கப் போனாள். அப்போது அந்த அம்மா கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி, "பாத்ரூம் எந்தப் பக்கம்மா?" என்று அமிர்தத்திடம் கேட்டார். அமிர்தம் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே கை தடவுகிற சத்தம் கேட்டது. கதவை மேலும் கீழும் தடவித் தேடுகிற சத்தம். அந்தச் சத்தம் இவளுக்கு நன்றாகத் தெரியும், இவள் கையே பல நாள் அப்படித் தடவியிருக்கிறது. கதவு லேசாகத் திறந்து கண்ணாடி எட்டிப் பார்த்தது. "தாழ்ப்பா இல்லையாம்மா இதுக்கு?" அந்த வார்த்தை வேறொருத்தர் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! இல்லை என்று தலையாட்டினாள். "சரி, நீ கொஞ்சம் வெளிய நின்னுக்கோ. யாரும் வராம பாத்துக்கோ, என்ன?" கதவு மூடிக்கொண்டது. அமிர்தம் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். யாரும் வராம. யாரும் வராம பாத்துக்கணும். இப்படிச் சொல்லலாம் என்றே அவளுக்குத் தெரியாது. நின்னுக்கோ என்று ஒருத்தரிடம் கேட்கலாமா? கேட்டால் நிற்பார்களா? இந்த அம்மாவைக்கூட யாராவது பார்த்துவிடுவார்கள் என்று இந்த அம்மாவுக்கு இருக்கிறதே. பெரிய அம்மா, காரில் வந்த அம்மா, அவருக்கும் அப்படியே இருக்கிறது. அப்படியானால் அது பைத்தியக்காரத்தனம் இல்லை. அது எல்லாருக்கும் இருக்கிறது.

பின்கட்டு நடையில் காலடிச் சத்தம் கேட்டது. தலை நரைத்த ஆள் கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். "தள்ளும்மா, பாத்ரூம் ஒரு போட்டோ எடுத்துக்கறேன்." அவர் கை கதவை நோக்கி நீண்டது. அமிர்தத்தின் உடம்பு முழுக்க ஒரு கணம் சோப்பு நுரை எரிந்தது. இரண்டு கைகளையும் விரித்துக் கதவின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள். "உள்ள ஆள் இருக்கு" என்றாள். எங்கேயும் ஒட்டவில்லை, திக்கவில்லை. அவருக்குக் காதில் விழவில்லையோ என்னவோ, இன்னும் ஒரு அடி வைத்தார். "உள்ள ஆள் இருக்கு! போங்க!" வீடே அதிர்ந்தது. அவர் மிரண்டு பின்வாங்கி, "ஸாரிம்மா, ஸாரி" என்று திரும்பி நடந்தார். சத்தம் கேட்டு மேடம் போனை வைத்துவிட்டு ஓடிவந்தார், லூர்தக்கா கரண்டியோடு ஓடிவந்தாள். "என்ன அமிர்தம், யார்கிட்ட கத்துற? கைய எடு, தள்ளி வா!" அவள் கையை எடுக்கவில்லை. யாரும் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். மேடமும் யாரும்தான்.

கதவு திறந்து அந்த அம்மா வெளியே வந்தார். எல்லாவற்றையும் உள்ளிருந்து கேட்டிருக்க வேண்டும், முகம் சிவந்திருந்தது. அமிர்தத்தின் தோளைத் தொட்டு, "நல்லவேள, நீ நின்ன" என்றார்.

"எனக்கு யாரு நிப்பா?" என்றாள் அமிர்தம்.

அடுக்களையில் பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாடை வந்தது, லூர்தக்காகூட நகரவில்லை. "நா குளிக்கறப்ப யாரு நிப்பா? ஒரு ஆளு தொறந்தாரு. மூடல." அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு மேடத்தைப் பார்த்தார். மேடம் ரெஜினாவுக்கு வலிப்பு வந்ததைச் சொன்னார், நெற்றியில் தையல் போட்டதைச் சொன்னார், "இவங்க பாதுகாப்புக்காகத்தான் மேடம் எடுத்தோம், ஒரு உயிர் போயிருக்கும்" என்றார். அவர் சொன்னது எல்லாம் நிஜம். சொல்லிவிட்டு, "எந்த ஆளு?" என்று லூர்தக்காவிடம் திரும்பினார், அந்த மோட்டார்க்காரரைப் பற்றி அவருக்கு இதுவரை தெரியாது என்பது அமிர்தத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. லூர்தக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "நாந்தான் மேடம் சொல்லல. பெரிசு பண்ண வேணாம்னு..." என்று இழுத்தாள். அமிர்தம் லூர்தக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டே, மூச்சை உள்ளே இழுத்து, வாயைத் திறந்தாள். நாக்கு மேல்பல்லில் ஒட்டியது. "தா..." லூர்தக்காவின் கை தண்ணீருக்கு என்று அசைந்தது, இவள் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், போக விடவில்லை. "தா... தா..." எல்லாரும் காத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் அந்த வார்த்தையை அவளுக்காக முடித்துவைக்கவில்லை. ஒட்டட்டும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஒட்டட்டும், நான் இங்கேயேதான் நிற்பேன். "தாப்பா" என்றாள். "தாப்பா வேணும். வெளிய இருந்து கூப்புடுங்க. நாங்க பதில் சொல்றோம். பதில் வரலன்னா வாங்க. ரெஜினாவுக்கும் அப்படித்தான்."

"பண்ணிடலாம்மா" என்றார் மேடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. பண்ணிடலாம் என்பதை அமிர்தம் நிறையக் கேட்டிருக்கிறாள். மின்விசிறிக்குப் பண்ணிடலாம், அண்ணனை வரச்சொல்லிப் பண்ணிடலாம், பொங்கலுக்கு ஊருக்குப் பண்ணிடலாம். அதற்குக் கிழமை கிடையாது. "என்னிக்கு?" என்றாள். "சீக்கிரம்." "எந்தக் கிழமை?" அவள் இன்னும் கதவு நிலையில்தான் நின்றாள். அந்த அம்மா மேடத்தைப் பார்த்து, "வெளியிலேர்ந்தும் தொறக்கற மாதிரி தாழ்ப்பா கடையில கெடைக்குது. அவங்க கேக்கறாங்கல்ல, கிழமைய சொல்லுங்க" என்றார். மேடம் கொஞ்சம் யோசித்து, "வெள்ளிக்கிழமை" என்றார். அமிர்தம் தலையாட்டினாள், அப்புறம்தான் வழி விட்டாள்.

வெள்ளிக்கிழமை தச்சர் வரவில்லை. சனிக்கிழமை காலையில் மேடம் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அமிர்தம் எதிரே போய் நின்று, "வரல" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மேடம் வருகிற வழக்கமில்லை, லூர்தக்காவிடம் போன் போடச் சொல்லி, "வரல" என்றாள். திங்கட்கிழமை தச்சர் வந்தார். பழைய ஓட்டைகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்துவிட்டு, கொஞ்சம் மேலே புதுசாகத் துளை போட்டார். இது தூக்கித் தள்ளுகிற வகை இல்லை, திருகுகிற வகை. வெளிப்பக்கம் ஒரு பிளவு இருந்தது, அவசரத்துக்கு ஸ்பூன் காம்பைச் செருகித் திருப்பினால் திறந்துகொள்ளும். லூர்தக்கா ஒரு ஸ்பூனில் நூல் கட்டி நிலையில் மாட்டினாள். அமிர்தத்துக்கு எந்தப் பக்கம் திருகுவது என்று பிடிபடவில்லை, இடப்பக்கம் திருகினால் திறந்துகொண்டது, மறந்து மறந்து அதையே திருகினாள். லூர்தக்கா வெளியே நின்று, "சோத்துக்கை பக்கம், சோத்துக்கை பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், சலித்துக்கொள்ளவில்லை. ரெஜினா அவளுக்கு முன்னாலேயே கற்றுக்கொண்டுவிட்டாள். அதில் அமிர்தத்துக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அந்த வாரம் முடிவதற்குள் ஒரு காலையில் அது சரியாக விழுந்தது. கதவை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. தலை வழியாக நைட்டியைக் கழற்றிக் கொடியில் போட்டாள். வெறும் முதுகில் முதல் செம்புத் தண்ணீரை ஊற்றினாள். எவ்வளவு குளிர்ச்சி, முதுகுத்தண்டு நெடுக ஒரே ஓட்டமாக இறங்கிக் குதிகால் வரை போயிற்று. தன் வயிற்றைப் பார்த்தாள், தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு மச்சம் இருந்தது, அது அங்கே இருப்பதையே மறந்துபோயிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு தலைக்குச் சோப்புப் போட்டாள். மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை. "அமிர்தம், இருக்கியா?" என்று வெளியிலிருந்து லூர்தக்கா கூப்பிட்டாள். "இருக்கேன்." இன்னொரு செம்பு. கொஞ்ச நேரம் கழித்து, "அமிர்தம்?" "இருக்கேன்." இன்னொரு செம்பு, இன்னொரு செம்பு. "ஏ புள்ள, எவ்வளவு நேரம்? வெளிய எல்லாரும் வரிசையா நிக்கிறாங்க!"

"நிக்கட்டும்" என்றாள் அமிர்தம்.